இரட்டைச் சுழிக்காரி

சலூன்காரருக்கு முப்பத்தாறு வருஷ சர்வீஸ். அதில் அவர் தொழிலுக்காகச் சொன்ன பொய் ஒன்றே ஒன்றுதான். ஆனால் அதை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொன்னார். வழுக்கை விழுந்தவர் யாராவது நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைப் பரிதாபமாகப் பார்த்தால் போதும், "எங்க சார் போயிடுச்சு? புதுசா முளைக்குதே, இங்க பாருங்க" என்பார். கண்ணை இமைக்காமல் சொல்வார். கேட்டவரும் நம்பிப் போய், அடுத்த மாசம் அதே தலையோடு வந்து நிற்பார்.

மனைவி செத்ததிலிருந்து அவர் கடவுளோடு டூ விட்டிருந்தார். சண்டையெல்லாம் கிடையாது. இருக்கிறானா இல்லையா என்ற ஆராய்ச்சியும் கிடையாது. இரண்டு வருஷம் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து ஒரே ஒரு விஷயம் கேட்டார், கிடைக்கவில்லை. அதோடு பேச்சு வார்த்தை நின்றுபோயிற்று, அவ்வளவுதான்.

கடல் தாண்டி நர்ஸ் வேலை பார்க்கும் ஒரே மகள் வந்து, "கொஞ்ச மாசம் என்கூட இருங்கப்பா, கடையை மாமா பாத்துக்குவாரு" என்று கையோடு கூட்டிப் போனாள். அங்கே போய் மனுஷர் என்ன செய்தார்? மூன்றாவது மாடி ஜன்னலில் நின்று, தெருவில் போகிறவர்கள் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "யாரு வெட்டினானோ, காதுக்கு மேல எலி கடிச்ச மாதிரி" என்பார். மகள் வேலைக்குப் போகும்போதும் நிற்பார், திரும்பும்போதும் நிற்பார். மூன்றாவது வாரம் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"அப்பா, லீவு நாள்ல நான் ஒரு அநாதை இல்லத்துக்குப் போவேன்ல. அங்க முப்பத்திரண்டு தலை இருக்கு. வர்றீங்களா?"

"முப்பத்திரண்டு பிள்ளைங்கன்னு சொல்லு. தலைன்னு சொன்னா ஓடி வந்துடுவேன்னு நினைச்சியா?" என்றார். கத்திரிப் பெட்டியைத் தேடிக்கொண்டேதான் சொன்னார்.

இல்லம் இரண்டு மாடி. பின்கட்டில் சமையலறை, குழாயடி, ஈரப் போர்வைகள் தொங்கும் கொடி. பிள்ளைகள் பேசுவது இவருக்குப் புரியாது, இவர் பேசுவது அவர்களுக்குப் புரியாது. தமிழ் தெரிந்த ஒரே ஜீவன் சமையல்காரம்மா. இருபது வருஷத்துக்கு முன்னால் பிழைக்க வந்து அங்கேயே தங்கிவிட்டவர். வாய் கொஞ்சம் நீளம்.

குழாயடிப் பக்கம் ஒரு நாற்காலி போட்டார்கள். மொழி தெரியாவிட்டால் சும்மா வெட்டலாம் இல்லையா? அவரால் முடியாது. வாய் ஓடினால்தான் அவருக்குக் கை ஓடும். விலைவாசி, மழை, மச்சானின் சோம்பேறித்தனம் எல்லாவற்றையும் தமிழில் கொட்டிக்கொண்டே வெட்டினார். பிள்ளைகள் கிச்சுக்கிச்சு மூட்டியதுபோலச் சிரித்தார்கள். ஒரு வாண்டு சீப்புப் பட்டதும் அவர் வயிற்றில் சாய்ந்து தூங்கியே போனான். அவன் விழிக்கும்வரை கால் மணி நேரம் அசையாமல் நின்றார். அன்றைக்கு வீடு திரும்பும் வழியில் தான் சந்தோஷமாக இருப்பதைக் கண்டுபிடித்தார். வெட்கமாகப் போயிற்று. 'அவ போய் ஒரு வருஷம்கூட ஆகல, உனக்கு என்னடா சந்தோஷம் வேண்டிக் கிடக்கு' என்று தன்னையே திட்டிக்கொண்டார். மறுநாள் அரை மணி நேரம் முன்னாலேயே போய்விட்டார்.

முப்பத்தோரு தலை முடிந்தது. முப்பத்திரண்டாவது தலை துண்டுக்குள் இருந்தது. ஆறு வயசுப் பெண்பிள்ளை. தூங்கும்போதும் துண்டை அவிழ்க்க மாட்டாளாம்.

"என்னவாம் இவளுக்கு?"

"அவ அம்மா பத்து மாசத்துக்கு முன்னால கொண்டு வந்து விட்டா அண்ணே. 'இங்கயே இரு, வந்து கூட்டிட்டுப் போறேன்'னு சொல்லிட்டுப் போனவதான், ஆளையே காணோம்" என்றார் சமையல்காரம்மா. "முடிய வெட்டிட்டா அம்மாவுக்கு அடையாளம் தெரியாதாம். யாரையும் தொட விடமாட்டேங்குறா."

துண்டுக்குள்ளே பேனும் ஈருமாகி, சொறிந்து சொறிந்து புண்ணாகி, சீழ் வைத்திருந்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டுக் கறாராகச் சொல்லிவிட்டார்: வெள்ளிக்கிழமைக்குள் மொட்டை அடித்து மருந்து போட வேண்டும். இல்லையென்றால் வேறு ஊர் ஆஸ்பத்திரியில் தனி வார்டு, மூன்று மாசம். வேறு ஊருக்குப் போய்விட்டால், இங்கே வந்து தேடும் அம்மா என்ன செய்வாள்? வெட்டினாலும் அம்மா போச்சு, வெட்டாவிட்டாலும் அம்மா போச்சு. ஆறு வயசுக்கு இது கொஞ்சம் அதிகம்தான்.

வியாழக்கிழமை ஆயிற்று. நாலு பேர் பிடித்துக்கொள்கிறோம், நீங்கள் அடித்துவிடுங்கள் என்றார் இல்லத்துப் பொறுப்பாளரம்மா. சலூன்காரருக்கு வந்ததே கோபம்! "அமுக்கிப் பிடிச்சு மழிக்கிறதுக்கு இது என்ன செம்மறியாடா?" என்று தமிழில் கத்தினார். சமையல்காரம்மா அதை எப்படி மொழிபெயர்த்தாரோ, பொறுப்பாளரம்மா பேசாமல் உள்ளே போய்விட்டார்.

அவர் அந்தப் பெண்ணின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். பொறுமையாகத் துண்டின் ஓரத்தை விலக்கி, உச்சியில் மட்டும் பார்த்தார். எந்தத் தலையிலும் அவர் முதலில் பார்ப்பது சுழியைத்தான். இவளுக்கு இரண்டு. பக்கத்தில் பக்கத்தில், ஒன்று வலம், ஒன்று இடம். பெட்டியிலிருந்து இரண்டு கண்ணாடியை எடுத்து, முன்னால் ஒன்று பின்னால் ஒன்று பிடித்து அவளுக்குக் காட்டினார்.

"சொல்லுங்கம்மா இவகிட்ட. இது பிறக்கும்போதே கூட வந்தது. மொட்டை அடிச்சாலும் போகாது. திரும்ப முளைச்சாலும் அதே இடத்துல அதே மாதிரிதான் சுத்திக்கிட்டு வரும். எத்தனை ஆயிரம் தலை பாத்திருக்கேன், இதே மாதிரி இன்னொண்ணு நான் பாக்கல. குளிப்பாட்டி விட்ட அம்மாவுக்கு இது தெரியாமலா போகும்?"

அவள் ரொம்ப நேரம் கண்ணாடியைப் பார்த்தாள். பிறகு ஏதோ கேட்டாள். சமையல்காரம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அப்ப அம்மா வருவாளான்னு கேக்குறா."

முப்பத்தாறு வருஷமாக வழுக்கைக்கே கூசாமல் பதில் சொன்ன வாய், ஒட்டிக்கொண்டது. இந்த மூஞ்சியைப் பார்த்துப் பொய் சொல்ல முடியாது. உண்மையோ அவருக்கே தெரியாது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"வருவா" என்றார்.

அவள் துண்டை அவிழ்த்து மடித்து, நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள்.

மொட்டை அடித்து மருந்து போட்டு முடித்ததும் சலூன்காரர் கொடிப் பக்கம் போய், இரண்டு ஈரப் போர்வைக்கு நடுவில் நின்று மேலே பார்த்தார். "இங்க பாரு, உன்கிட்ட சமாதானம் பேச நான் வரல. ஒரு பிள்ளைக்கு வாக்குக் குடுத்துட்டேன். குடுத்தது நான், ஆனா ஆளைக் கொண்டு வர வேண்டியது நீ. போன தடவை மாதிரி பண்ணிடாத." அதன் பிறகு, ஆபீசில் மனுக் கொடுத்தவர் மாதிரி, தினமும் காலையில் அங்கே போய் "என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

பெண்ணின் புண் ஆறிவிட்டது. இவருக்கு நிம்மதி போய்விட்டது. ஏனென்றால், வாசல் கேட்டில் எந்தப் பெண் வந்து நின்றாலும் இவள் ஓடிப்போய், முதுகைத் திருப்பி, தலையைக் குனிந்து சுழியைக் காட்டினாள். அம்மா முகம் லேசாக மறந்திருக்கும்போல. பால் கொண்டு வருகிறவளுக்குக் காட்டினாள். பழைய துணி கொடுக்க வந்த பெரிய வீட்டு அம்மாளுக்குக் காட்டினாள். 'பிள்ளைக்கு மரியாதை தெரியவில்லை' என்று சொல்லிவிட்டுப் போனாராம் அந்த அம்மாள். பாவி, என்ன காரியம் பண்ணி வச்சேன் என்று இவர் தலையில் அடித்துக்கொண்டார்.

ஊருக்குத் திரும்பும் நாளைத் தள்ளிப் போடச் சொன்னார். "ஏம்பா, போகணும் போகணும்னு துடிச்சீங்களே?" என்றாள் மகள்.

"ஒரு ஆள் வரணும்."

"யாரு?"

"எனக்கென்ன தெரியும், நான் பார்த்ததே இல்ல."

நாலு மாசம் கழித்து, ஒரு மத்தியானம், ஒல்லியாக ஒருத்தி பையோடு கேட்டில் வந்து நின்றாள். இவள் வழக்கம்போல ஓடினாள், முதுகைத் திருப்பினாள், குனிந்தாள். வந்தவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். பிள்ளை கோபத்தில் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது என்று நினைத்துவிட்டாள்! சலூன்காரர் கத்திரியும் கையுமாக ஓடினார். "கோவமில்ல தாயி! சுழியப் பாரு, சுழியப் பாரு!" கத்திரியோடு பாய்ந்து வரும் ஆளைப் பார்த்து அவள் நடுங்கிப்போய்ப் பிள்ளையை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். கடைசிவரை சுழியைப் பார்க்கவே இல்லை. இத்தனை நாளும் நெஞ்சுச் சளி முற்றி எங்கோ தர்ம ஆஸ்பத்திரியில் கிடந்தாளாம். முடி பாதிதான் முளைத்திருந்தால் என்ன, தெருமுனையிலேயே பிள்ளையைத் தெரிந்துவிட்டதாம்.

சலூன்காரர் சமையலறைக்குள் போய் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதார். "உங்க மகளா போறா? இந்தாங்க, தண்ணி குடிங்க" என்று சமையல்காரம்மா அதட்டினார். அவர் கண்ணும் சரியில்லை.

மறுநாள் காலை பின்கட்டுக்கு வந்தவர் திகைத்து நின்றார். நாற்காலிக்குப் பின்னால் முப்பத்தோரு பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். கத்திரியை எடுத்தால் வேண்டாம் என்று தலையாட்டினார்கள். மெஷினைக் காட்டி, மொத்தமாக வழிக்கச் சொல்லிக் கையால் தடவிக் காட்டினார்கள்.

"மொட்டை அடிச்சா அம்மா வருவான்னு இவங்களுக்கு எவன் சொன்னான்?"

"நீங்கதான்" என்றார் சமையல்காரம்மா.

"அப்படி இல்லன்னு எடுத்துச் சொல்லுங்கம்மா."

"என்னால முடியாது. வேணும்னா நீங்க சொல்லுங்க." பிறகு மெதுவாகச் சொன்னார்: "அண்ணே, இதுல பாதிக்கு மேல வர ஆளே கிடையாது. பெத்தவங்க செத்துட்டாங்க."

முதல் பையன் ஏறி உட்கார்ந்து குனிந்தான். சலூன்காரர் மெஷினைக் கையில் எடுத்தார். பிறகு துணியைப் போர்த்தினார். இந்தப் பக்கம் சமையல்காரம்மாவைப் பார்த்தார். அவர் தலையாட்டினால், வர ஆள் உண்டு என்று அர்த்தம். தலையாட்டினார். "இவன் அம்மாவ அனுப்பு" என்று மேலே பார்த்துச் சத்தமாகவே சொன்னார். வழக்கமான கதை என்று நினைத்துப் பிள்ளைகள் சிரித்தார்கள்.

மூன்றாவதாக உட்கார்ந்த பெண்ணுக்குச் சமையல்காரம்மா தலையாட்டவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். சலூன்காரர் மழித்து முடித்து, அந்தத் தலைமேல் உள்ளங்கையை வைத்தார். என்ன கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"இவளுக்கு யாராவது" என்றார்.

அடுத்தவனுக்கும் அதையேதான் சொன்னார். மதியச் சாப்பாட்டுக்கு மணி அடித்தபோது இன்னும் பதினோரு பேர் பாக்கி. ஒருத்தரும் வரிசையை விட்டுப் போகவில்லை.