இஸ்திரி போட்ட நாற்பதாயிரம்

போன மாதம் ஒரு காலை. முருகன் என் வாசலில் வந்து நின்றார். கையில் வழக்கமான துணி மூட்டை இல்லை. ஒரே ஒரு ஐந்நூறு ரூபாய் நோட்டு. ஓரமெல்லாம் கருகி, சுட்ட அப்பளம் மாதிரி சுருண்டிருந்தது.

"சார், இது செல்லுமா?"

முருகன் கொச்சங்காடியில் தேய்ப்புக் கடை வைத்திருப்பவர். தேனிப் பக்கத்திலிருந்து மட்டாஞ்சேரி வந்து இருபது வருடம் ஆகிறது. வெளியே போனால் எனக்குக் கிடைக்கிற மரியாதையில் பாதி அவர் கைவேலை.

"என்னாச்சு?"

"இஸ்திரி போட்டுட்டேன் சார்..."

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. வீட்டில் இன்னும் எழுபத்தொன்பது நோட்டு இப்படி இருக்கிறதாம். மொத்தம் நாற்பதாயிரம் – நர்சிங் படிக்கிற மகளின் கடைசி வருஷ ஃபீஸ்! கட்ட இன்னும் இருபது நாள்தான்.

நடந்தது இதுதான். வேலியேற்றத்தில், அதாவது கடல் பொங்கி ஏறும் நேரத்தில், காயல் தண்ணீர் வீட்டுக்குள் புகுந்து, கட்டிலுக்கடியில் இருந்த தகரப் பெட்டி முழுகிவிட்டது. நனைந்ததைக் காயவைக்க மனிதருக்குத் தெரிந்த ஒரே வழி... கரி போட்ட இஸ்திரிப் பெட்டி. நோட்டுக் கட்டைச் சூடான பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டு, தண்ணீர் இறைக்கப் போய்விட்டார்.

"பேங்கில் போட்டிருக்கலாமே?" என்றேன். முகம் இறுகிவிட்டது.

சில வருடங்களுக்கு முன் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் சேமிப்பு முழுவதையும் போட்டிருந்தார். சங்கம் முடங்கியது. லாட்ஜ்களிலிருந்து துணி வருவதும் குறைந்துபோன நேரம் அது. கேட்கப் போனபோதெல்லாம் "நாளைக்கு வா" என்று விரட்டினார்கள். அன்றோடு சரி. அவரைப் பொறுத்தவரை பேங்க், கவர்மெண்ட் எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்.

"கஷ்டம்தான் முருகன்" என்றேன், எல்லாம் தெரிந்தவன் மாதிரி.

நல்லவேளை, அவர் மனைவி செல்வி என்னை நம்பவில்லை! தண்ணீர் புகுந்த வீடுகளைக் கணக்கெடுக்க, சேறும் சகதியுமாக வந்த வில்லேஜ் ஆபீஸரிடம் நோட்டுகளைக் காட்டியிருக்கிறார். அந்தப் பெண், "பேடிக்கேண்டா சேச்சி. மாற்றித் தர நியமம் உண்டு" என்று, பயப்பட வேண்டாம், சட்டத்திலேயே வழி இருக்கிறது எனத் தைரியம் சொன்னதோடு, பேங்க் கிளைக்கு அவரே போன் செய்தும் விட்டார்.

மறுநாள் அவர்கள் இருவரோடும் நானும் பேங்குக்குப் போனேன். புலம்புவதற்குத் தயாராகத்தான் போனேன்... வாய்ப்பே தரவில்லை. ஓர் இளம் பெண் அதிகாரி, பறந்துவிடக் கூடாதென்று ஃபேனை அணைத்துவிட்டு, வேர்க்க வேர்க்க நோட்டுகளைப் பிரித்தார். ஒரு மணி நேரம்! விரலெல்லாம் கரி.

"இதைப் பெரிய கிளைக்கு அனுப்பணும். முழு விலையோ பாதி விலையோ, அவங்க பார்த்துச் சொல்வாங்க. இன்னிக்கே ஒரு அக்கவுண்ட் திறந்துக்கங்க, பணம் அதுல வரும்" என்று ஒரு ரசீதை நீட்டினார்.

முருகன் நோட்டுகளின் மேல் கையை வைத்துக்கொண்டார். "இதே மாதிரி ஒரு சீட்டைத்தான் சார் அந்தச் சங்கத்துலயும் குடுத்தாங்க..."

செல்வி முந்திக்கொண்டார்.

"அவங்க நம்ம மூஞ்சியவாவது பாத்தாங்களாங்க? இந்தப் பொண்ணு நம்ம கரிய நோண்டிக்கிட்டு உக்காந்திருக்கு. கைய எடுங்க."

எடுத்தார். மெதுவாகத்தான்.

அடுத்த இரண்டு வாரம் அவர் தேய்த்த சட்டைகளில் மடிப்பு கோணலாகவே வந்தது. அப்படியே போட்டுக்கொண்டு போனேன். பதினான்காம் நாள் மெசேஜ் வந்தது: முப்பத்து நாலாயிரம்! இரண்டு நாளில் வெள்ள நிவாரணமும் அதே கணக்குக்கு வந்தது. குறைந்ததைச் செல்வி எப்படியோ தேற்றினார். மகளின் ஃபீஸ் கெடுவுக்குள் கட்டியாகிவிட்டது.

ஆபீஸ்களைத் திட்டி இந்தப் பக்கத்தில் எத்தனை வாரம் எழுதியிருப்பேன்? அந்தக் கரி விரல்களுக்கு இந்த வாரம் ஒரு கும்பிடு. அவை மட்டும் இல்லையென்றால், பேங்குகள் எத்தனை விளம்பரம் கொடுத்தாலும் முருகன் மறுபடி அந்த வாசலை மிதித்திருக்க மாட்டார்.

நேற்று துணி கொடுக்க வந்தவர், தேய்க்கப் போட்ட என் சட்டையின் பையில் கிடந்த இருநூறு ரூபாயை எடுத்து நீட்டினார். கூடவே ஒரு அதட்டல்:

"பணத்தை இப்படியா சார் வைப்பாங்க? பேங்கில போடுங்க!"