நோரீனுக்கு இல்லாத பின்னணி

நோரீன் ஹாலமுக்கு எரிச்சல் வந்தால் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். இங்கிலாந்தின் பர்ன்லி ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் அவள். கற்றுக்கொடுப்பவர் பக்கத்திலும் ஒரு பிரேக் உள்ள கார் அது. பல வருடம் மிதித்து மிதித்து அந்தக் காலுக்கு அதுவே வழக்கமாகிவிட்டது. ஆனால் எந்தக் கற்றுக்குட்டியும் அந்தக் காலை, பள்ளி நிர்வாகக் குழு படுத்திய பாடு படுத்தியதில்லை.

வேறு எந்தப் பள்ளியும் வைத்துக்கொள்ளாத பிள்ளைகளுக்கான பள்ளி அது. பலர், பெற்றவர்களிடம் இருக்க முடியாமல் ஊர்க் கவுன்சில் ஏற்பாடு செய்த வளர்ப்பு வீடுகளில் இருப்பவர்கள். குழுவில் இருப்பவர்களோ ஊர்க்காரர்கள், சம்பளமில்லாத வேலை, ஆறின டீயும் நமுத்த பிஸ்கட்டும்தான் மிச்சம். தலைமை ஆசிரியையின் மகனுக்கு நோரீன்தான் லைசென்ஸ் வாங்கிக் கொடுத்தாள். அந்த நன்றிக்கு அவளையும் குழுவில் சேர்த்துவிட்ட தண்டனை இது.

உறுப்பினர்களின் பின்னணியைப் பள்ளியின் வெப்சைட்டில் போடுவார்கள். தலைவர் டெரிக் ஹாப்வுட், ஓய்வு பெற்ற வங்கி மேலாளர், பாய்மரப் படகில் ஆர்வம் உள்ளவர் என்று இருந்தது. கடலே இல்லாத ஊரில் படகாம்! பாதிரியார் பிலிப்பாவுக்கு மூன்று பட்டங்கள், ஒரு நாய். நோரீன் எழுதிக் கொடுத்தது இரண்டே வரி: 'கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். பர்ன்லி கால்பந்து அணி தோற்ற அன்று என்னிடம் பேச வேண்டாம்.'

பிலிப்பாவுக்கு இது போதவில்லை.

"உங்க கஷ்டத்தைப் பத்தி ரெண்டு வரி சேர்க்கலாமே, நோரீன்?"

"என்ன கஷ்டம்?"

"சின்ன வயசுல பட்டது. நம்மள மாதிரியே ஒருத்தர் குழுவுல இருக்காங்கன்னு பிள்ளைங்களுக்குத் தெம்பா இருக்கும்ல."

"எனக்கு ஒரு கஷ்டமும் இல்லைம்மா. அப்பா கறிக்கடை வச்சிருந்தாரு. வீட்டுல தினமும் கறி. பியானோ கத்துக்கிட்டேன். ஸ்கூலுக்கு ஒரு நாள்கூட லேட்டாப் போனதில்லை."

பிலிப்பா தலையைச் சாய்த்து, நோரீனின் கைமேல் கை வைத்தாள். "சொல்ல முடியாததும் இருக்கும். எனக்குப் புரியுது."

நோரீனின் கால் தரையைத் துளைத்துவிடும் போல அழுத்தியது. பேச்சு முரட்டுத்தனமாக இருந்தால் வாழ்க்கையும் கந்தலாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று இந்தப் படித்தவர்களுக்கு ஒரு கணக்கு.

அதைவிட எரிச்சல் என்னவென்றால், இவர்கள் தேடிய ஆள் தலைவர் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தான். டெரிக்கை அவளுக்குப் பத்து வயதிலிருந்து தெரியும். துணிமணியைக் கறுப்புக் குப்பைப் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு, பக்கத்து வீட்டு மிஸஸ் பில்லிங்கிடம் வளரவந்த பையன் அவன். ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியாரின் கையைக் கடித்துவிட்டு வெளியே வந்தான். அடுத்த பள்ளியிலும் துரத்தினார்கள். கடைசியில் அதே பையோடு அவனைக் கவுன்சில் காரில் ஏற்றிக்கொண்டு போனபோது, நோரீனின் அப்பா ஜன்னல் வழியாக ஒரு பொட்டலம் சாசேஜைக் கொடுத்தார். அந்த டெரிக்தான் குழுவின் முதல் கூட்டத்தில் அவளிடம் கையை நீட்டி, "நாம முன்னாடி சந்திச்சதில்லைன்னு நினைக்கிறேன்" என்றான்.

மறைத்தால் மறைத்துக்கொள்ளட்டும், அது அவன் மூட்டை, அவன்தான் அவிழ்க்க வேண்டும். நோரீனுக்குச் செரிக்காதது வேறொன்று. வெளியேற்ற வேண்டிய பிள்ளை என்று யார் குழுமுன் வந்தாலும், வெளியே அனுப்ப முதலில் தூக்கும் கை டெரிக்கின் கைதான்.

இந்த முறை வந்தவள் டீகன். பதினான்கு வயது. தீயணைப்புச் சிலிண்டரை ஆசிரியர் அறை ஜன்னல் வழியாக எறிந்தவள். யாருக்கும் அடியில்லை. ஆனால் இங்கிருந்தும் அனுப்பிவிட்டால் பக்கத்தில் வேறு பள்ளி கிடையாது. எங்கோ தொலைவில் ஒரு விடுதிக்கு அனுப்புவார்கள். முதன்முதலாக அவள் ஒட்டிக்கொண்ட வளர்ப்பு வீடும் கையை விட்டுப் போகும். வளர்ப்புத் தாய் கைக்குட்டையைத் திருகிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

கூட்டம் எப்போதும்போலத் தொடங்கியது. "இந்த விஷயத்துல யாருக்காவது சொந்தத் தொடர்பு இருக்கா? இல்லை, இல்லை, இல்லை. அடுத்தது" என்றான் டெரிக், யார் முகத்தையும் பார்க்காமல்.

ஏதாவது சொல்ல விரும்புகிறாயா என்று கேட்டபோது டீகன் நிமிர்ந்தாள்.

"உங்க மூணு பேரைப் பத்தியும் வெப்சைட்ல படிச்சேன். உங்கள்ல யாரையாவது ஸ்கூலை விட்டுத் தொரத்தியிருக்காங்களா?"

பிலிப்பா நோரீனைப் பார்த்தாள். தலைமை ஆசிரியை நோரீனைப் பார்த்தாள். அடப்பாவி, டெரிக்கும் நோரீனைத்தான் பார்த்தான்!

"என்னைத் தொரத்தலை, கண்ணு" என்றாள் நோரீன். பொய் அவளுக்கு வராது.

"அப்ப உங்களுக்கு என்ன தெரியும்?" என்று சொல்லிவிட்டு டீகன் எழுந்தாள். தலைமை ஆசிரியையும் வளர்ப்புத் தாயும் அவளோடு வெளியே போனார்கள்.

உள்ளே மூன்று பேர்தான். மற்றப் பிள்ளைகளின் பாதுகாப்பையும் பார்க்க வேண்டும் என்று மிகுந்த வருத்தத்தோடு சொல்லி, பிலிப்பா அவளை அனுப்பிவிடலாம் என்றாள். இங்கேயே இருக்கட்டும் என்றாள் நோரீன். மிச்சம் டெரிக்கின் ஓட்டுத்தான். அவன் வாயைத் திறந்தான்.

"கொஞ்சம் இருங்க தலைவரே. சொந்தத் தொடர்பு இருக்கான்னு கேட்டீங்களே, கேட்டுட்டு நீங்களே பதிலும் சொல்லிக்கிட்டீங்க. ஒவ்வொருத்தரையா கேளுங்க. உங்களையும் சேர்த்து."

"நோரீன், நீங்க எதையாவது மனசு விட்டுச் சொல்லணும்னா..." என்று பிலிப்பா குழைந்தாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லைம்மா!" நோரீன் மேசையில் அடித்த அடியில் பிஸ்கட் தட்டு துள்ளியது.

பை, பல் தடம், சாசேஜ் எல்லாம் அவள் நாக்கு நுனியில் வந்து நின்றன. ஒரு வார்த்தை சொன்னால் போதும். முழங்கால் வலிக்கும்வரை இல்லாத பிரேக்கை மிதித்தாள்.

டெரிக்கின் காது மடல்கள் சிவந்தன. பத்து வயதிலும் அப்படித்தான் சிவக்கும்.

"இல்லை. எனக்கு ஒரு தொடர்பும் இல்லை" என்றான்.

நாசமாய்ப் போனவனே என்று நோரீன் மனசுக்குள் திட்டினாள். கண்ணில் நீர் முட்டியது.

"பொண்ணு இங்கேயே இருக்கட்டும்" என்றான் டெரிக், அதே குரலில். டீயைத் தொடாமல் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியேறினான்.

கார் நிறுத்துமிடத்தில் மழை தூறிக்கொண்டிருந்தது. நோரீன் காரை நெருங்கும்போது டீகன் ஓடிவந்தாள்.

"மிஸ்! பாதிரியம்மா சொன்னாங்க. உங்க கஷ்டத்தையெல்லாம் உள்ளேயே வச்சுக்கிட்டு எனக்காகச் சண்டை போட்டீங்களாம். உங்களையும் தொரத்தியிருக்காங்கதானே? எல்லார் முன்னாடியும் சொல்ல வெக்கமா இருந்திருக்கும். எனக்குத் தெரியும் மிஸ், நீங்க எங்க ஆளு."

நோரீன் வாயைத் திறந்தாள். கறிக்கடை, பியானோ, ஒரு நாளும் லேட்டாகப் போகாத பள்ளி. நாலு கார் தள்ளி, சாவியைக் கதவில் வைத்தபடி டெரிக் திரும்பாமல் நின்றான். அவன் காதில் எல்லாம் விழுந்திருக்கும்.

"எத்தனை ஸ்கூல், மிஸ்?"

நோரீனின் வலது கால் ஈரத் தரையை அழுத்தியது.

"ரெண்டு" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு. "மொத ஸ்கூல்ல கணக்கு வாத்தியார் கையைக் கடிச்சுட்டேன்."

டெரிக்கின் சாவி கீழே விழுந்த சத்தம் கேட்டது.