வீண்தண்ணி சாரும் கொள்ளுப்பேரன் கணக்கும்

அவரை நான் முதலில் பார்த்தது ஒரு தண்ணீர்ச் சண்டையில். எங்கள் தெருவின் குழாய்க்கிணற்றடியில் குடங்கள் வரிசையில் நிற்க, சட்டைப் பையில் நாலு பேனா சொருகிய ஒருவர் மோட்டாரைப் போட்டுத் தண்ணீரைச் சாக்கடையில் ஓடவிட்டு, கையைக் கட்டி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"யோவ், குடிக்கத் தண்ணி இல்லாம நிக்கிறோம், உனக்கு என்ன விளையாட்டு?" என்று எகிறினார் தையல்காரர்.

"இது குழாய்க்குள்ள தேங்கிக் கிடந்ததுங்க. இது பொய் சொல்லும். பாறையில இருந்து புதுசா வர்றதுதான் எனக்கு வேணும்."

"தண்ணி பொய் சொல்லுதாம், கேட்டுக்கங்க!" என்று வரிசையின் கடைசியில் ஓர் அக்கா சிரித்தார்.

புதிதாகப் பட்டம் வாங்கிய தெம்பில் நானும் நியாயம் கேட்கப் போனேன். என்ன பாடம் என்று விசாரித்தார், மெச்சினார், மோட்டாரை மட்டும் நிறுத்தவில்லை. அன்றே தெரு அவருக்கு 'வீண்தண்ணி' என்று பெயர் வைத்தது. அரசாங்க ஆள் என்பதால் பின்னால் ஒரு சார் சேர்த்துக்கொண்டோம்.

வீண்தண்ணி சார் நிலத்தடி நீர் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவர். ஆபீஸ் பழக்கம் வீட்டிலும் உண்டு. மனைவி திட்ட ஆரம்பித்தால் முதலில் வருவதைக் காதிலேயே வாங்கமாட்டார், தேங்கினது போகட்டும் என்பார். அந்த அம்மா இன்னும் அவரோடு குடும்பம் நடத்துவது தனி ஆராய்ச்சிக்குரியது.

அந்த அம்மாவின் தம்பிதான் எங்கள் தெருக்கோடியில் பாட்டில் தண்ணீர் கம்பெனி வைத்திருப்பவர். பாட்டிலில் 'யாரும் தொடாத ஆதிப்பாறை நீர்' என்று போட்டிருக்கும். அவர் ஒரு கிணறு போட்டதற்கே எங்கள் கிணறுகளில் தண்ணீர் இறங்கிவிட்டது. அடுத்து இரண்டாவதற்கு மனு. தன் தண்ணீர் அடியாழத்தில் இருப்பது, நடுவில் கெட்டிப் பாறை, தெருவுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று வாதம். உண்மையைக் கண்டறியத் துடித்த அரசாங்கம், சோதனையைக் கம்பெனிக்காரரின் அக்கா புருஷனிடமே ஒப்படைத்தது. தற்செயல் என்றார்கள், ஒத்திகை பார்த்தாற்போல ஒரே குரலில்.

மச்சான் ஆப்பிள் பையோடு வந்தார்.

"மாமா, என் தண்ணில யுரேனியம் தேடுறீங்களாமே? நான் என்ன குண்டா செய்றேன்?"

"பாறையில ஊறுற எந்தத் தண்ணியிலயும் துளியூண்டு இருக்கும், பயப்படாத. அதுல பெரியவரு இருநூத்தி முப்பத்தெட்டு. அவரு உடைஞ்சு, புள்ள, பேரன்னு போயி, கொள்ளுப்பேரன் திரும்ப யுரேனியமாவே பொறக்குறான். அவன்தான் இருநூத்தி முப்பத்திநாலு. பொறக்குறப்பவே உதை வாங்குறதால பாறையில அவனுக்குப் பிடிமானம் கம்மி. ரொம்ப காலமா பக்கத்துலயே தண்ணி கிடந்தா, பெரியவரு வீட்டுலயே உக்காந்திருப்பாரு, இவன் தண்ணியோட கிளம்பிடுவான்."

"எங்கப்பா என்னை உதைச்சு அனுப்புன மாதிரி."

"அதேதான். மெஷின் ஆளை எண்ணாது, அவங்க உடையுற சத்தத்தை எண்ணும். இந்தப் பக்கத்து ஆழத் தண்ணியில பெரியவரோட சத்தம் ஒண்ணுன்னா கொள்ளுப்பேரனோடது நாலு. மலையடி போர்க்கிணத்துல அப்படித்தான் வந்துச்சு. மழையில ஊறி மேலாக்க ஓடுற தெருத் தண்ணியில ரெண்டும் கிட்டத்தட்ட சமம்."

"அப்போ எனக்கும் நாலுன்னு போட்டுடுங்க மாமா. குடும்பம் பெருசா இருந்தா நல்லதுதானே?"

தெருக் கிணற்றில் கொள்ளுப்பேரன் சத்தம் ஒன்றே கால் வந்தது. கம்பெனியின் ஆதிப்பாறைக் கிணற்றிலும் ஒன்றே கால். உப்புக் கணக்கும் ஒத்துப்போனது. எங்கள் தண்ணீர்தான் பாறை வெடிப்பு வழியாகக் கீழிறங்கி, பாட்டிலுக்குள் போய் யாரும் தொடாததாகிக்கொண்டிருந்தது.

ஆய்வக இயக்குநருக்கு அறிவியலில் திடீர்ப் பற்று வந்துவிட்டது. "திரும்ப எடுங்க. விஞ்ஞானம்னா சந்தேகப்படணும் இல்லையா?" என்றார். திரும்ப எடுத்தார், மாறவில்லை. "பிரமோஷன் லிஸ்ட் வேற வரப்போகுது, இன்னொரு தடவை பாக்கலாமே" என்றார். நாலு வந்திருந்தால் அந்தச் சந்தேகம் முதல் தடவையே தீர்ந்திருக்கும்.

வீட்டில் மனைவி சோறு போட்டுக்கொண்டே சொன்னார்: "என் தம்பிக்காகப் பொய் சொல்லுங்கன்னு நான் கேக்கல. சொல்ற உண்மைய கொஞ்சம் மெதுவா சொல்லக்கூடாதா?"

"மெதுவா சொல்லலாம். அதுக்குள்ள அவன் போர் போட்டுடுவான். தெருவுல குடம் காய்ஞ்சுடும்."

"அவன் இனி இந்தப் படியேற மாட்டான்."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாயில் வைக்கவில்லை.

மறுநாள் அறிக்கை போனது. சுற்றி வளைக்காமல் எழுதியிருந்தார்: கம்பெனிக் கிணறு இறைப்பது தெருவின் தண்ணீரே, இரண்டாவது கிணறு வந்தால் தெருக் கிணறுகள் வற்றும். நகல் எங்கள் தெருச் சங்கத்துக்கும் போனதால், தொலைந்துபோகும் பாக்கியம் அதற்குக் கிட்டவில்லை. மனு தள்ளுபடியானது. பத்திரிகையில் இயக்குநர் தம் விழிப்புணர்வைப் பற்றி நீளமாகப் பேட்டி கொடுத்தார், படத்தோடு.

இப்போது வீண்தண்ணி சார் அதே ஆய்வகத்தில், அதே மேசையில் இருக்கிறார். பதவி உயர்வு பக்கத்து மேசைக்குப் போனது. மச்சான் பாட்டிலில் ஆதிப்பாறையை எடுத்துவிட்டு 'தூய நீர்' என்று போட்டிருக்கிறார். அக்காவைப் பார்க்க, மாமா ஆபீசில் இருக்கும் நேரமாகப் பார்த்து வருகிறார். இரண்டாவது கிணறு தோண்டப்படவில்லை. எங்கள் தெருவில் தண்ணீர் வருகிறது.