இரத்தப் பரிசோதனைக்குப் படித்துப் போனவர்

"நெஞ்சுக்குள்ள மீன் துள்ளுற மாதிரி இருக்கு." பசியாற உட்கார்ந்த என் வீட்டுக்காரர் முதலில் சொன்னது இதைத்தான். நான் வாயு என்றேன். ஓமத் தண்ணீர் கொடுத்தேன். ஒரு ஏப்பம் வந்தது, மீனும் அடங்கியது. எனக்கும் வைத்தியம் தெரியும் என்று ஒரு வாரம் பெருமையாகத் திரிந்தேன்.

உங்கள் வீட்டிலும் யாருக்காவது அப்படி மீன் துள்ளினால், என்னைப்போல் ஓமத் தண்ணீரோடு நின்றுவிடாதீர்கள். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

அவர் பெயர் குணசேகரன், வயது ஐம்பத்தெட்டு. ஜொகூர் பாரு பக்கம் பெர்மாஸ் ஜெயாவில் இருபது வருடமாகப் பள்ளி வேன் ஓட்டியவர். காலையில் பன்னிரண்டு பிள்ளைகள், மதியம் அதே பன்னிரண்டு. இந்த வட்டாரத்தில் அவர் பெயர் யாருக்கும் தெரியாது, 'வேன் அங்கிள்' என்றால்தான் தெரியும்.

இரத்த அழுத்தமும் இனிப்புநீர் நோயும் அவருக்கு வெகுநாள் கூட்டாளிகள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அரசாங்கக் கிளினிக்கில் இரத்தம் எடுப்பார்கள். அந்தத் தேதி நெருங்கினால் போதும், எங்கள் வீட்டில் பள்ளியிறுதி எஸ்.பி.எம். பரீட்சை களைகட்டிவிடும். பத்து நாளைக்குச் சோறு கிடையாது. காலையில் பாகற்காய்ச் சாறு. மாலையில் வயிற்றைக் கழிய வைக்கும் மூலிகைத் தேநீர் ஒரு குவளை. "உள்ள இருக்கிற இனிப்பெல்லாம் போயிடும்" என்பார். இரத்தம் கொடுத்துவிட்டு வரும் வழியிலேயே எண்ணெயில் சுட்ட ரொட்டி சானாய், இனிப்பு தூக்கலாகத் தே தாரிக் டீ. அவருடைய சிநேகிதர்கள் எல்லாருமே இந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்தான். ரிப்போர்ட் அழகாக வந்தால் தேர்வு முடிவைப்போல ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வார்கள்.

இந்த முறை இரண்டு குவளை குடித்தார். பயணிகளை ஏற்றும் உரிமத்தைப் புதுப்பிக்கிற வருடம் அது, டாக்டர் கையெழுத்து வேண்டும். முகம் வாடியிருந்ததைப் பார்த்தேன். பத்து நாள் பட்டினி, வாடாமல் என்ன செய்யும் என்று விட்டுவிட்டேன்.

இரத்தம் கொடுத்த அன்றே, பதினொன்றரை மணிக்கு எனக்கு ஃபோன் வந்தது. நான் பாசீர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் பிளாஸ்டிக் மூடிகளுக்குத் தரம் பார்க்கிறேன். பேசியவர் கிளினிக் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யும் மலாய்ப் பெண். என் வீட்டுக்காரரை மூன்று தடவை அழைத்தார்களாம், "நாளைக்கு வர்றேன்" என்று வைத்துவிட்டாராம். அட்டையில் இருந்த இரண்டாவது எண்ணைத் தேடி என்னைப் பிடித்திருக்கிறார். வந்த அளவு தவறோ என்று சந்தேகப்பட்டு அதே இரத்தத்தை இரண்டாம் தடவையும் சோதித்தாராம். "காக், ஜாங்கான் துங்கு ஏசோக்" என்றார். நாளைவரை காத்திருக்காதீர்கள் அக்கா என்று அர்த்தம். அந்தப் பெண்ணின் முகத்தை நான் இன்றுவரை பார்த்ததில்லை. ஆனால் சாமி அறையில் விளக்கேற்றும்போது முதல் கும்பிடு அவருக்குத்தான்.

நான் என் வீட்டுக்காரரை அழைத்தேன்.

"ஒரு மணிக்குப் பிள்ளைங்கள ஏத்தணும்மா."

"ஏத்துறதுக்கு வேற ஆளு இருக்காங்க. எனக்கு வேற ஆளு இல்ல. கிளம்புங்க."

கிளினிக்கில் எங்களைப் பார்த்த டாக்டர் தர்ஷினி எங்கள் மகளைவிடச் சின்னவர். ஈ.சி.ஜி. தாளை மேசையில் விரித்து வைத்துப் பேசினார். "அங்கிள், பொட்டாசியம் குறைஞ்சது மூணரை இருக்கணும். உங்களுக்கு ரெண்டு புள்ளி ஏழு." பொட்டாசியம் (இதயத் துடிப்பைச் சீராக வைக்கும் தாது உப்பு) இவ்வளவு இறங்கினால் துடிப்பு தாளம் தப்பும். இவருக்குத் தப்பியிருந்தது. அதன் பெயர் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத்தின் மேல் அறைகள் ஒழுங்கில்லாமல் படபடப்பது). அங்கே இரத்தம் தேங்கி உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம்.

"இந்த வாரம் என்னென்ன சாப்பிட்டீங்க, என்னென்ன குடிச்சீங்க?" என்று கேட்டார். இவர் மின்விசிறியைப் பார்த்தார். நான்தான் பாகற்காயிலிருந்து ஒப்பித்தேன். டாக்டர் சிரிக்கவுமில்லை, திட்டவுமில்லை. நானாக இருந்தால் இரண்டையும் செய்திருப்பேன்.

"பிரஷருக்கு நீர் மாத்திரை போடுறீங்க. அது மேல இந்தத் தேநீர். ரெண்டும் சேர்ந்து சத்தை அள்ளிட்டுப் போயிருச்சு. பிளட் டெஸ்ட் பரீட்சை இல்ல லா அங்கிள். நீங்க எப்படி இருக்கீங்களோ அப்படியே வாங்க."

பிறகு ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டார். "வண்டி ஓட்டும்போது தலை சுத்துச்சா? கண்ணு இருட்டுச்சா?"

உரிமப் பாரம் (டாக்டர் கையெழுத்திடவேண்டிய படிவம்) என் வீட்டுக்காரர் சட்டைப் பையில் இருந்தது. காலையில் நான்தான் மடித்து வைத்தேன். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் யாருக்கும் தெரியப்போவதில்லை. இந்தக் கேள்விக்கு இரத்தத்தில் பதில் கிடையாது.

"ரெண்டு தடவ," என்றார். "ஒரு தடவ பிள்ளைங்க உள்ள இருந்தாங்க. டயர் பார்க்கணும்னு சொல்லி ஓரமா நிப்பாட்டிட்டேன். எழுதிக்குங்க டாக்டர்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என்னிடம்கூடச் சொல்லாமல் பன்னிரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறார். ஆனால் அதே நாற்காலியில், அதே நிமிடத்தில், அவரை நினைத்துப் பெருமையாகவும் இருந்தது. பத்து நாள் பட்டினி கிடந்து காப்பாற்ற நினைத்த வேலையை, கேட்ட மாத்திரத்தில் தூக்கிக் கொடுத்துவிட்டாரே.

ஜொகூர் பாருவில் பெரிய ஆஸ்பத்திரியில் நான்கு நாள். நரம்பு வழியாகச் சொட்டுச் சொட்டாகப் பொட்டாசியத்தை மெல்ல மெல்ல ஏற்றினார்கள். அவசரமாக ஏற்றினால் அதுவே இதயத்தை நிறுத்திவிடுமாம். ட்ரோபோனின் (இதயத் தசை சேதமானால் இரத்தத்தில் கூடும் புரதம்) சாதாரணமாக இருந்தது, அதனால் மாரடைப்பு இல்லை. என்.டி. புரோ பி.என்.பி. (இதயம் சுமை தாங்காமல் விரியும்போது சுரக்கும் பொருள்) கூடியிருந்தது. ஸ்கேனில் மேல் அறை வீங்கியிருந்தது தெரிந்தது. இரத்த அழுத்தம் பல வருடமாகச் செய்த வேலை என்றார்கள். தேநீர் மட்டுமே குற்றவாளி அல்ல. திரி முன்பே இருந்தது, இவர் தீக்குச்சி கிழித்தார்.

மூன்று மாதச் சர்க்கரை அளவும் வந்தது. அது பத்து நாள் பட்டினியைச் சட்டையே செய்யாமல் கூடியே இருந்தது. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவர் இரண்டு நாள் கூடுதலாக ஓட்டியிருக்கிறார், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் பன்னிரண்டு வீட்டுக்கும் அவரே பேசினார். "உடம்பு சரியில்ல" என்று மழுப்பவில்லை. ஓட்டும்போது தலை சுற்றியதைச் சொன்னார், மன்னிப்புக் கேட்டார். ஒரு தாய் ஃபோனை வைத்துவிட்டார். வேறொரு தாய் அழுதார். இன்னொரு ஓட்டுநர் வேனை எடுத்துக்கொண்டார். எந்தப் பிள்ளைக்கு வாந்தி வரும், எந்தப் பிள்ளை காலணியைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடி வரும் என்று இவர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்.

மூன்று மாதம் போனது. சோறும் ரொட்டி சானாயும் அளவோடு, மாத்திரை நேரத்தோடு. எதையும் மறைக்காமல், எதற்கும் தயார் செய்யாமல் இரத்தம் கொடுத்தார். டாக்டர் தர்ஷினிக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"பொட்டாசியம் நாலு புள்ளி ரெண்டு. இதயச் சுமை காட்டுற அளவும் இறங்கியிருக்கு. தாளம் இன்னும் ஒழுங்கில்ல, ஆனா வேகம் கட்டுக்குள்ள வந்திருச்சு. மயக்கமும் இல்ல. ஸ்பெஷலிஸ்ட் சரின்னா, பாரத்துல கையெழுத்து போடலாம் அங்கிள்."

இவர் கேட்டார். "டாக்டர், இந்த நம்பரெல்லாம் எத்தன நாளைக்குச் செல்லும்?"

டாக்டர் ரிப்போர்ட்டில் ஒவ்வொன்றாக விரல் வைத்துச் சொன்னார். "சர்க்கரை மூணு மாசத்தைச் சொல்லும். இதயச் சுமை இந்த சில நாளைச் சொல்லும். பொட்டாசியம் இன்னிக்கு மட்டும்தான்."

"நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு?"

"அதைச் சொல்ற டெஸ்ட் இன்னும் வரல அங்கிள்."

"அப்போ பாரம் வேணாம் டாக்டர். நான் மட்டும்னா ஓட்டுவேன். பின்னால பிள்ளைங்க இருக்காங்க லா."

காரில் திரும்பும்போது நான் ஓட்டினேன். இருபது வருட வேலையைக் கைவிட்டவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இவருக்கு என்னைக் கட்டிவைத்ததற்கு என் அப்பாவுக்கு நன்றி சொல்லவேண்டும்போல் இருந்தது.

இப்போது இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். சவரத்தில் சின்னக் கீறல் பட்டாலும் இரத்தம் நிற்கும்வரை நின்று கவனிக்கிறார். துடிப்பைத் தினமும் எண்ணச் சொல்லியிருக்கிறார்கள். மற்றவர்களுக்குப் பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் போதுமாம். தாளம் தப்பிய இதயத்துக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது, முழு நிமிடமும் எண்ணவேண்டும்.

அதனால் காலை ஆறு மணிக்கு, முன்பெல்லாம் அவர் வேனைக் கிளப்பிக்கொண்டிருந்த அந்த நேரத்தில், சோபாவில் உட்கார்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறேன். இரண்டு வேகமாக வரும், ஒன்று தயங்கும், பிறகு மூன்று சேர்ந்து வரும். அடுத்தது எப்போது என்று சொல்லவே முடியாது. கல்யாணமாகி முப்பத்தோரு வருடமாகிறது. அவர் கையை நான் ஒரு முழு நிமிடம் பிடித்திருப்பது இப்போதுதான்.