சேவியர் அண்ணையின் பினாங்குத் தட்டு

காலையில் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது மெசேஜ். சேவியர் அண்ணை போய்விட்டார்.

லண்டன் ஸ்ட்ரெதமில் பழைய இசைத்தட்டுக் கடை வைத்திருந்த, பேச்சுக்குப் பேச்சு மலேசிய 'லா' போடும் பினாங்குச் சேவியர் அண்ணை. எண்பத்துநாலு வயது, நித்திரையிலேயே...

அனுப்பியது மகள் ரீட்டா. கடைசி வரியில், "அங்கிள், அப்பாவோட பினாங்கு ரெக்கார்ட் உங்ககிட்டதானே? வியாழக்கிழமை சேர்ச்சுல அதப் போடணும்" என்று இருந்தது.

பிரஷை வாயில் வைத்தபடியே கட்டிலில் இருந்துவிட்டேன். அந்தத் தட்டில் ஒரு சங்கதி இருக்கிறது. இருபது வருடமாக அவருக்கும் சொல்லாத சங்கதி.

முதலில் ஆளைப் பற்றி.

லண்டனில் ரொக் அண்ட் ரோல் பற்றி என்னைவிடக் கூடத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அதுவும் அவர் எனக்கு முன்னம் பிறந்தபடியால்.

அப்போது நான் அவருடைய கடைக்கு எதிரில் இருந்த பெட்ரோல் ஸ்டேஷனில் மனேஜர். சரி, மனேஜர் லீவில் போகும் கிழமைகளில் மனேஜர். ஷிப்ட் முடிந்தால் நேரே அவர் கடைதான்.

சனிக்கிழமை மத்தியானம் ஒரு விளையாட்டு வைப்பார். லேபிளைக் கையால் மறைத்துக்கொண்டு தட்டைப் போடுவார், எந்த ஊர்ப் பாட்டு என்று நாங்கள் சொல்ல வேண்டும்.

பியானோ உருண்டு வந்தால் நியூ ஓர்லியன்ஸ். கிட்டார் கரகரத்தால் மெம்பிஸ். நான் ஒருநாளும் பிழைவிட்டதில்லை.

"லேபிள் கலரப் பாத்துட்டுத்தானே தம்பி சொல்ற?" என்பார்.

"இல்லை அண்ணை, மூண்டாவது அடியிலேயே எனக்கு ஊர் தெரிஞ்சிடும்."

"அப்ப கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுலா, பாப்போம்."

அன்றைக்கு எனக்குச் சளி. காது அடைத்திருந்தது.

வெள்ளைக்கார இளைஞர்கள் ரொக் அண்ட் ரோல் என்று ஆடத் தொடங்குவதற்கு முன்னமே கறுப்பு மக்கள் அதை ரிதம் அண்ட் புளூஸ் என்று பாடி முடித்துவிட்டார்கள் என்பதை அவரிடம்தான் கேட்டேன். அதே பாட்டை வெள்ளைக்காரன் திரும்பப் பாடினால்தான் பெரிய ரேடியோக்களில் போடுவார்களாம்...

அமெரிக்காவின் தெற்கில் கச்சேரி மண்டபத்துக்கு நடுவே கயிறு கட்டுவார்களாம். இந்தப் பக்கம் கறுப்பர், அந்தப் பக்கம் வெள்ளையர். பாட்டு சூடு பிடித்தால் கயிறு நிலத்தில் கிடக்குமாம், எல்லாரும் ஒன்றாக ஆடுவார்களாம்.

இதை நான் எங்கள் ஊர்ச் சங்கத்து ஆண்டு விழாவில் மேடையேறிச் சொன்னேன். பத்தாயிரம் பேர் கூடிய மண்டபம், ஆடின ஆட்டத்தில் கயிறு பற்றி எரிந்தது என்று.

முன்வரிசையில் இருந்த சேவியர் அண்ணை கையைத் தூக்கினார். "எரியல தம்பி. கீழ விழுந்துச்சு, அவ்வளவுதான்."

சபை அவருக்குத்தான் கைதட்டியது. பரவாயில்லை, அவரைக் கூட்டிக்கொண்டு போனது நான்.

இனித் தட்டுக்கு வருகிறேன்.

பழைய காலத்து எழுபத்தெட்டு, நிமிடத்துக்கு அத்தனை சுற்றுச் சுற்றும் வகை. கனமான தட்டு, விழுந்தால் பீங்கான் மாதிரி உடையும். பினாங்குத் துறைமுகத்தில் ஒரு கப்பல்காரன் கொடுத்ததைச் சட்டைகளுக்கு நடுவில் சுற்றி லண்டனுக்குக் கொண்டுவந்தவர்.

முன்பக்கம் ஒரு துள்ளல் பாட்டு, சாக்ஸபோன் கிழித்துக்கொண்டு போகும். பின்பக்கம் மெதுவான புளூஸ். அவருக்கு முன்பக்கம்தான் உயிர், கடை திறந்தால் முதலில் அதுதான்.

கண் ஒப்பரேஷனுக்கு அவர் போயிருந்த ஒரு வாரம் கடையை நான் பார்த்துக்கொண்டேன். புறப்படும்போது சொன்னார்:

"எல்பிய ஸ்பிரிட் போட்டுத் தொடைக்கலாம். எழுபத்தெட்டுக்குத் தண்ணி மட்டும்தான். கேக்குதா?"

"எனக்கே சொல்லித் தாறியளோ அண்ணை? நீங்கள் போயிட்டு வாங்கோ."

கேட்கவில்லை. நான் அப்போது கடைக்கு வந்த ஒருவருக்கு மெம்பிஸைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன்.

அவர் திரும்பி வரும் நாள் பளபளவென்று இருக்கட்டும் என்று அந்தத் தட்டை எடுத்து, முன்பக்கத்தில் ஸ்பிரிட் ஊற்றித் தேய்த்தேன். துணியெல்லாம் கறுப்பு.

அந்தக் காலத்துத் தட்டில் அரக்கு இருக்கிறது, ஸ்பிரிட் பட்டால் கரைந்துவிடும்... அது எனக்குப் பிறகுதான் தெரியும். போட்டுப் பார்த்தேன், பாட்டைக் காணவில்லை. வடை பொரிகிற சத்தம்.

உறைக்குள் போட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

அவர் வந்தார். கொஞ்ச நாளில் பார்த்தால், பின்பக்கத்தை மட்டும்தான் போடுகிறார்.

"வயசாயிடுச்சுலா தம்பி, மெதுவான பாட்டே போதும்" என்றார். நம்பினேன். நம்புவது வசதியாக இருந்தது.

கடையை ஒரேயடியாக மூடியபோது தட்டை என் கையில் தந்தார். அதற்குப் பிறகு இதே பேஸ்புக் பக்கத்தில் எத்தனை தடவை எழுதியிருப்பேன், கப்பலில் உப்புக்காற்றுப் பட்டு முன்பக்கம் பழுதாகிவிட்டது என்று. லைக் போட்ட எல்லாரும் மன்னிக்க வேண்டும்.

வியாழக்கிழமை அந்தச் சேர்ச்சில், அவர் பெட்டிக்குப் பக்கத்தில், வடை பொரிகிற சத்தம் கேட்கக் கூடாது. அதனால் இந்தப் பதிவைப் பாதியில் விட்டுவிட்டு ரீட்டாவுக்குப் போன் எடுத்தேன்.

"பிள்ளை, அந்தத் தட்டைப் பற்றி ஒண்டு சொல்லவேணும். முன்பக்கம் வந்து..."

"முன்பக்கம் வேணாம் அங்கிள். அப்பா எழுதியே வச்சிருக்கார், பின்பக்கம்தான் போடணும்னு. முன்பக்கத்த அங்கிள் ஸ்பிரிட்ல கழுவிட்டார், கேட்டா உப்புக்காத்துன்னுவார், விட்டுடுன்னு."

சிரித்தாள். பிறகு அழுதாள். போனை வைத்துவிட்டு வந்து மிச்சத்தை எழுதுகிறேன்.

உப்புக்காற்று இல்லை. நான்தான்.

வியாழன் காலை பதினொரு மணி, கோலியர்ஸ் வுட் சேர்ச். பிளேயரும் தட்டும் நான் கொண்டுவருகிறேன்.

பின்பக்கத்தைத் துடைத்து வைத்திருக்கிறேன் அண்ணை. தண்ணீர் மட்டும்தான்.

போயிட்டு வாங்கோ.