காது மிஷினுக்க ஒயரு

இந்த சார்ஜர் ஒயருவள கண்டாலே எனக்கு ஓக்காளம் வரும். எங்க வீட்டு அலமாரி அடித்தட்டுல ஒரு பிஸ்கட் டப்பா நெறைய கெடக்கு, செத்த பாம்புக மாதிரி. கெல்ஃபுல இருந்து வாறவன் ஒவ்வொருத்தனும் பெட்டிய ஒடைக்கும்போ ஒரு தைலக் குப்பி, ஒரு சோப்பு, ஒரு ஒயரு தருவான். முன்ன டார்ச்சு லைட்டு தருவாவ. அது நல்ல சாதனம். பேட்டரி போட்டா எரியும், அவ்வளவுதான்.

நான் பள்ளிக்கூடம் போனவன் இல்ல. காதும் கேக்காது. மூத்த மவன் துபாயில இருந்து ஒரு காது மிஷின் கொண்டு வந்தான். அத ஒரு சின்னப் பெட்டியில வச்சு சார்ஜ் ஏத்தணும். அந்தப் பெட்டிக்க ஒயர எலி கடிச்சிட்டுது. டப்பா நெறைய கெடக்கும்போ எலிக்கும் இந்த ஒண்ணுதான் கண்ணுல பட்டுது பாருங்க.

அண்ணைக்கு சாயங்காலம் பேத்திய பொண்ணு பாக்க குலசேகரத்துல இருந்து ஆளு வருது. எளைய மவனுக்க பிள்ள அவ. அவன் செத்துப் போனான். அப்பன் இல்லாத பிள்ளைக்கு பாட்டாதான் சபையில பதில் சொல்லணும். காலையிலயே எனக்க காதுல வந்து கத்தினா: "பாட்டா, நான் லேப் வேலைய விடமாட்டேன். விடச் சொல்லிக் கேட்டா நீங்க முடியாதுன்னு சொல்லணும். சும்மா தலையாட்டிராதுங்க!"

காது கேக்காதவன் எல்லாத்துக்கும் தலையாட்டுவான். அது அவளுக்குத் தெரியும்.

டப்பாவ கவுத்தேன். ஒரு ஒயரும் பெட்டி ஓட்டையில ஏறல. வீட்டுக்காரி எண்ணக் குப்பியோட வந்தா.

"ரெண்டு சொட்டு தேங்காண்ண விட்டா ஏறும்."

"இது என்ன இடியாப்ப அச்சா? போட்டீ அங்க!"

பெட்டிய பஸ்ஸுல கொண்டு போனா தொலையும்னு ஒரு தென்னை ஈர்க்க அந்த ஓட்டையில வச்சு அளவுக்கு முறிச்சேன். கைப்பிள்ளைக்கு செருப்பு வாங்க நாங்க அப்படித்தான் கால்ல ஈர்க்கு வச்சு அளவெடுப்போம். ஒருக்காலும் தப்பினதில்ல.

வடசேரியில போன் கடைக்காரன் அத திருப்பித் திருப்பிப் பாத்தான்.

"என்ன பாட்டா, பல்லு குத்தவா?"

"ஓட்டைக்க அளவுலே."

அவன் சிரிச்சுட்டு ஒயருவள மேசையில பரத்தினான். கத்திக் கத்திச் சொன்னான், பஸ் ஸ்டாண்டுக்கே கேட்டிருக்கும். "இந்த அகலமான சப்பை ஏ, சார்ஜர்ல குத்துறது. சதுரம் பி, பிரிண்டருக்கு. ஓரம் உருண்டது சி, எப்பிடித் திருப்பிக் குத்தினாலும் ஏறும். பின்ன மினி, மைக்ரோ."

"மினின்னா?"

"சின்னது."

"மைக்ரோ?"

"அதும் சின்னதுதான். பின்ன டூ, த்ரீன்னு சொல்லுவாவ. அது வடிவம் இல்ல, வேகம்."

"த்தூ! எங்க தெரு நாய்க்கே ஒரு பேருதான்லே உண்டு."

ஈர்க்க மினிமேல வச்சான், மைக்ரோமேல வச்சான். ரெண்டுக்கும் ஒரே அகலம். "இப்போ எல்லாம் மைக்ரோதான்"னு அத எடுத்துத் தந்தான்.

வீட்டுல வந்து குத்தினா, கிழவன் பல்லு மாதிரி ஆடுது. அகலம் சரி, கனம் பத்தாது. எங்க பெட்டி மினி. ஈர்க்கு அகலத்தச் சொல்லிச்சு, கனத்தச் சொல்லல.

அதுக்குள்ள கார் வந்து நின்னுது. மாப்பிள்ளைக்க அம்மை எனக்க முன்னால இருந்து என்னமோ கேட்டா. வாய் அசையுது, அவ்வளவுதான். எனக்க கழுத்து தன்னால ஆட வந்துது. தாடையப் பிடிச்சு நிறுத்தினேன்.

"அம்மா, எனக்கு காது மிஷினுல சார்ஜ் இல்ல. என்ன கேக்கணுமோ அவகிட்டயே கேளுங்க."

பொண்ணு சபையில பேசுறது எங்க பக்கம் கெடையாது. அவ பேசினா. மாப்பிள்ளைக்க அம்மை காப்பி கிளாஸ குடிக்காம கீழ வச்சா. பையன் அம்மையப் பாத்து ஏதோ சொன்னான். பின்ன எல்லாரும் சிரிச்சாவ. நானும் சிரிச்சு வச்சேன்.

அவிய போன பெறவு வீட்டுக்காரி காதுல கத்தினா: "வேலைக்குப் போகட்டும்னு பையனே சொல்லிட்டான்!"

"அவ என்னட்டி சொன்னா?"

"நல்லா சொன்னா."

நல்லா சொன்னாளாம். அடுப்படியில நின்ன அடுத்த வீட்டுக்காரிகூட கேட்டிருக்கா. இன்னொருக்கச் சொல்லு மக்கான்னு பேத்திகிட்ட கேட்டேன். "போங்க பாட்டா, இனி வராது"ன்னுட்டு உள்ள போயிட்டா.

அந்த மைக்ரோவ எடுத்து வாழை மரத்து மூட்டுல வீசினேன்.