கேட்டுக்கு வெளியே ஒரு டீ

ஆவடி குவார்ட்டர்ஸில் வசந்தகுமாரியைத் தெரியாதவர் கிடையாது. எந்தச் சினிமாப் பத்திரிகையில் போட்டிக் கூப்பனைக் கண்டாலும் கத்தரிக்கோலோடு உட்கார்ந்துவிடுவாள். பன்னிரண்டாவது முடித்த வருஷம், 1992-இல், ‘திரைத்துளி’ போட்டியில் பரிசு அவளுக்கே விழுந்தது. நடிகர் பரணிராஜ் அவள் வீட்டுக்கு வந்து டீ குடிப்பார். அந்தப் படம் அட்டையில் வரும்.

அப்பா சண்முகசுந்தரம் ராணுவ டாங்கி ஃபேக்டரியில் ஃபிட்டர். நடிகர், டிரைவர், நிருபர், போட்டோகிராபர் என்று எல்லோருக்கும் முன்கூட்டியே கேட் பாஸ் வாங்கிவிட்டார். அம்மா பார்வதம் கேசரி கிண்டிக்கொண்டிருக்க, எதிர்வீட்டு நாகவல்லி மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

“கார் வந்துட்ச்சு வசந்தா. உள்ள உடமாட்றாங்க.”

வசந்தகுமாரி செருப்புகூடப் போடாமல் ஓடினாள். கேட்டை மறித்து நின்றிருந்தார் காவலர் கன்னியப்பன்.

“ஆளுங்களுக்குப் பாஸ் கீதும்மா. கேமராவுக்கு இன்னா கீது? உள்ள எடுத்துகினு போவக் கூடாதுன்னு உங்கப்பாவுக்குத் தெரியாதா?”

தெரியும். ஆனால் குவார்ட்டர்ஸ்காரர்கள் படம் எடுக்க ஸ்டூடியோவுக்குத்தான் போவார்கள். கேமரா வீடு தேடி வரும் என்று யாருக்குத் தோன்றும்?

நிருபர் வாட்சைப் பார்த்தார். “படம் இல்லேன்னா அட்டை இல்லம்மா. சாருக்கு ஷூட்டிங் இருக்கு, கிளம்பணும்.”

காருக்குள் பரணிராஜ் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். போஸ்டரில் இருந்ததைவிடக் கறுப்பு, அதைவிட அழகு. வசந்தகுமாரி கன்னியப்பனிடம் திரும்பினாள்.

“அண்ணே, வெளிய வெச்சு எடுத்தா?”

“வெளிய நீ இன்னா வேணா பண்ணிக்கோ. கேட்டு மட்டும் படத்துல உழக் கூடாது.”

அவ்வளவுதான், வீடே கிளம்பி வந்துவிட்டது. அப்பா தலையில் டேபிள், நாகவல்லி கையில் நாற்காலிகள், அக்கம்பக்கத்தார் ஆளுக்கொரு தட்டு. ஜன்னல் திரையை யாரோ வேப்பமரத்தில் கட்டினார்கள்.

“ஊட்டுக்கு வந்தவர ரோட்ல உக்கார வெக்கிறியேடி,” என்றாள் பார்வதம், கேசரியை இறக்கியபடி.

“உன் கேசரி எங்க கீதோ அதான் ஊடு,” என்றாள் நாகவல்லி.

பரணிராஜ் இறங்கினார். கூட்டம் குதித்தது. அவர் கேசரியை ஒரு வாய் போட்டுக்கொண்டு, டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரை நீட்டினார்.

“இன்னும் கொஞ்சம் ஊத்து, வசந்தகுமாரி.”

தன் பெயரை அந்தக் குரலில் கேட்டதும் அவள் டம்ளரை விட்டுவிட்டு அவர் முகத்தையே பார்த்து ஊற்றினாள். டீ முழுக்க அவருடைய வெள்ளைப் பேண்ட்டில். அவர் துள்ளி எழுந்து விழுந்து விழுந்து சிரிக்க, பளிச்சென்று ஃபிளாஷ் அடித்தது.

அந்தப் படம்தான் அட்டையில் வந்தது. சிரிக்கும் பரணிராஜ், கெட்டிலும் கையுமாக வாய் பிளந்த வசந்தகுமாரி, ஓரத்தில் கூட்டத்தைத் தள்ளும் கன்னியப்பனின் பாதி மீசை. ஆவடி ஸ்டேஷன் கடையில் புத்தகம் வந்திறங்கியபோது கட்டைப் பிரிக்கக்கூட விடாமல் வரிசையில் முதலில் நின்றவள் அவள்தான்.